செட்டில் ஒரு கோளாறும் இல்லை

என் அருமை மருமகள் வெண்கலத்துக்கு உன் மாமா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீ அங்கே எங்களைவிட ஒரு பிடி கூடுதலான சுகத்தோடு இருக்க வேண்டும், இதை விசாரிப்பாக எடுத்துக்கொள்ளாதே, உத்தரவாக எடுத்துக்கொள். உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரே வீட்டில் இருந்தவளுக்கு எதற்குக் கடிதம், கூப்பிட்டால் மாடியிலிருந்து என்ன மாமா என்று குரல் வந்து விழும், அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்காரர்கள் தங்களைத்தான் கூப்பிட்டதாக எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் குரலுக்காகத்தானே நீ இத்துனூண்டாக இருக்கும்போதே வெண்கலம் என்று பேர் வைத்தேன். உன் அப்பா போன பிறகு தோளில் போட்டு வளர்த்தவனுக்கு அந்த உரிமைகூடவா இல்லை. எழுதலாமா கூடாதா என்று ஒரு தயக்கம் இருந்தது உண்மைதான். உன் ஜாமீன் உத்தரவில் நீ இந்த ஊர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது, சாட்சிகளைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்று போட்டுவிட்டார்கள், நானோ அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி, அதுவும் சாதாரணச் சாட்சி இல்லை, பட்டியலில் முதல் ஆள். எழுதக் கூடாது என்றும் இருக்கிறதா என்று உன் வக்கீலம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அண்ணே, நீங்க என்னமோ கேட்டீங்க, தெருவுல லாரி போச்சு, காதுல விழல என்றார். தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. அவ்வளவு படித்தவர் அப்படிச் சொன்னால் அது அனுமதி என்று புரிந்துகொள்ளாமல் இருக்க நான் என்ன முட்டாளா, எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன், ஒரு தடவை படித்தவனைவிட எனக்கு மூன்று மடங்கு தெரியும். அதனால் உன் அம்மா கட்டுகிற துணி மூட்டையில், கம்பளிப் போர்வைக்கு நடுவே வைத்து, நீ இருக்கிற ஊர் வரை பேருந்து ஓட்டுகிற நம் சிநேகிதரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு. கிழிக்க மாட்டாய் என்று தெரியும், சொல்ல வேண்டியது என் கடமை.

உன் அம்மா இப்போது எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து உன் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறவள் வீட்டுக்கு வந்தும் மடிக்கிறாள். நீ போன பிறகு உன் அலமாரித் துணியை எத்தனை தடவை எடுத்து உதறி மறுபடி மடித்து வைத்தாள் என்று கேட்காதே, யாரும் போடாத துணி எப்படிக் கசங்கும் அக்கா என்று கேட்டால், தூசி படியுதுல்ல என்கிறாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் என்னைத் திட்டுகிற பலம் குறையவில்லை, அதனால் கவலைப்படாதே. நான் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கம் உனக்குத் தெரியும், அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், இடையில் குறுக்கிட்டால் அதையும் எழுதிவிடுகிறேன். போலீஸ்காரர்கள் எடுத்துப் போன உன் புத்தகங்களில் பாதி திரும்பி வந்துவிட்டது. தையல் மெஷினோடு வந்த விளக்கப் புத்தகத்தை மட்டும் தரமாட்டேன் என்கிறார்கள், அதில் படம் படமாக எதையோ எப்படிக் கழற்றுவது என்று போட்டிருக்கிறதாம், அது அரசாங்கமா நூல் சுற்றுகிற பாபினா என்று விசாரணை முடிந்துதான் சொல்வார்களாம். உன் மேசையை நான் துடைத்து வைத்திருக்கிறேன். உன் அம்மா குறுக்கிடுகிறாள், துடைத்தது அவளாம். சரி, துடைத்தது அவள், துடைக்கச் சொன்னது நான்.

கடை நிலவரம் சொல்கிறேன். நம் இடிமுழக்கம் ஒலி அமைப்பகத்தின் பெரிய ஆம்ப்ளிபயரும் நாலு குழாய் ஸ்பீக்கரும் இன்னும் நீதிமன்றக் கிடங்கில்தான் கிடக்கின்றன. கழுத்தில் அட்டை கட்டி வைத்திருக்கிறார்கள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், என்னைப் பார்த்ததும் ஆம்ப்ளிபயரின் பச்சை விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. மின்சாரமே கொடுக்காமல் எப்படிச் சிமிட்டும் என்கிறாள் உன் அம்மா. பாசத்துக்கு எதற்கு மின்சாரம். இப்போது என்னிடம் இருப்பது இரண்டே இரண்டு சின்னப் பெட்டி, அதை வைத்துப் பிறந்தநாள் விழாவும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியும்தான் ஓட்ட முடிகிறது. பெரிய வேலை எல்லாம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் கடை வைத்திருக்கிற கொரகொராவுக்குப் போகிறது. அவன் செட்டில் மனிதர் பேசினால் தவளைக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கும் என்பதால்தான் ஊரே அவனுக்கு அந்தப் பேரை வைத்தது. போன மாதம் புதுச் சந்தைக் கட்டடத்தை அமைச்சர் திறந்து வைத்தபோது அவன் செட் வீல் என்று கத்தி, அமைச்சர் காதைப் பொத்திக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார், கூடியிருந்த ஐயாயிரம் பேரும் என் பேரைச் சொல்லி அழுதார்கள். உன் அம்மா முப்பது பேர் என்கிறாள், அதில் அமைச்சரின் ஓட்டுநரையும் சேர்த்தாம்.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீ அம்மாவுக்குப் போன் பண்ணும்போது நானும் அதே அறையில்தான் இருக்கிறேன். அவள் அரசுத் தரப்புச் சாட்சி இல்லை, அவள் பேசலாம், நான் பேசக் கூடாது. அதனால் கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். முதலில் போனை ஸ்பீக்கரில் போடு அக்கா என்றேன், அப்புறம் அதுவும் தப்பாகிவிட்டால் உன் ஜாமீனுக்கு வினையாகுமே என்று நானே வேண்டாம் என்றுவிட்டேன். அவள் காதிலிருந்து கசிகிற சத்தம் இருக்கிறதே, கொசு பறக்கிற அளவுக்கு, அதைத்தான் கேட்கிறேன். ஊர் எல்லை வரைக்கும் சத்தம் போகிற மாதிரி செட் கட்டுகிறவன், உன் குரலை அந்த அளவுக்குத்தான் கேட்கிறேன். சொற்கள் பிடிபடாது, ஏற்ற இறக்கம் மட்டும் பிடிபடும். நீ சிரித்தால் தெரியும். சிரிக்கிற மாதிரி நடித்தாலும் தெரியும். நடுவில் நான் இரண்டு தடவை இருமுவேன், அது இருமல் இல்லை, இங்கே இருக்கிறேன் என்பதற்கு. இருமுவது பேச்சாகாது என்பது என் சட்ட அறிவு. நான் இருமினதும் நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தொடர்வாய், அதனால் உனக்கு அது கேட்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். கேட்கவில்லை என்றாலும் கேட்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

வழக்குக்குக் காரணமான அந்தக் கூட்டத்தைப் பற்றி நீ மேடையில் நின்று பார்த்தது பாதி, நான் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் நின்று பார்த்தது மீதி. நீ வந்து மாமா, கல்லூரி வாசல்ல கூட்டம், தேர்தலைத் தள்ளிக்கிட்டே போறாங்க, செட் கட்டித் தருவியா, உனக்குப் பயமா இருந்தா கொரகொராகிட்டப் போறோம் என்று கேட்டாயே, அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன், அது உனக்கும் தெரியும், கெட்டிக்காரி. என் மருமகள் அந்தத் தவளை செட்டில் பேசுவதா என்று விடியற்காலையே ஏணியோடு போய்விட்டேன். ஒரு குழாயைக் கல்லூரிச் சுவரில் கட்டினேன், ஒன்றை மருந்துக்கடை மாடியில், ஒன்றைக் கடைவீதிப் பக்கம். நாலாவது குழாயைத் தபால் நிலையத்தைப் பார்த்துத் திருப்பச் சொன்னார்கள் உன் தோழர்கள். நான் அதை ஆஸ்பத்திரிப் பின்பக்கத்துக்குத் திருப்பினேன், அங்கேதான் சலவைக்கூடத்து ஜன்னல். நோயாளிகளுக்குத் தொந்தரவு ஆகாமல் குறைவாக வைத்தேன், உன் அம்மா இருக்கிற ஜன்னலுக்கு மட்டும் போகிற அளவுக்கு. இது வேறு எந்த செட்காரனாலும் முடியாது. நீ மைக்கைப் பிடித்தபோது அதன் தலையில் தட்டவில்லை, ஊதவில்லை, ஹலோ ஹலோ சொல்லவில்லை, நேரே பேச ஆரம்பித்தாய், அப்போதே எனக்கு முடி நட்டுக்கொண்டது. ஆட்சியில் இருக்கிறவர்களைப் பார்த்து, உங்க தவணை முடிஞ்சு போச்சு, வீட்டைக் காலி பண்ணாத குடித்தனக்காரர் மாதிரி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க, தேர்தலை நடத்துங்க, இல்லேன்னா சாவியை வெச்சுட்டுப் போங்க என்றாய். அப்புறம் மாணவர்களைப் பார்த்து, ஒருத்தரும் கல்லைத் தொடாதீங்க, அப்படியே உட்காருங்க என்றாய். ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. உன் அம்மா எண்ணூறு பேர்தான் என்கிறாள், ஜன்னலிலிருந்து அவளுக்கு எப்படித் தெரியுமாம். எப்படியோ, உட்கார்ந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து கை தட்டினார். தையற்காரர் கத்திரிக்கோலோடு வந்து நின்று, கத்திரிக்கோலைக் கீழே வைக்க மறந்து அதோடேயே தட்டினார். எனக்கு ஆம்ப்ளிபயரில் ஒரு குமிழைக்கூடத் திருக வேண்டியிருக்கவில்லை.

சத்தத்தின் அந்தச் சுத்தம்தான் இப்போது நம் கழுத்துக்கு வந்திருக்கிறது. மருந்துக்கடைக் குழாய்க்கு நேர் கீழே நின்ற மஃப்டி போலீஸ்காரர் ஒருவர் தன் போனில் பதிவு செய்துவிட்டார், ஒரே ஒரு இடம் தவிர ஒரு எழுத்து விடாமல் விழுந்திருக்கிறது. கொரகொரா கட்டியிருந்தால் ஒரு வார்த்தை விளங்கியிருக்காது, வழக்கே நின்றிருக்காது, நீ இப்போது மாடியில் உட்கார்ந்து என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பாய். தொழிலில் சுத்தமாக இருந்ததற்கு இப்படி ஒரு பரிசு உலகத்தில் எவனுக்காவது கிடைத்திருக்குமா சொல். குற்றப்பத்திரிகையில் சாவியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். எந்தச் சாவி, எந்தப் பூட்டு, பூட்டை உடைத்து அரசு அலுவலகத்துக்குள் புகச் சொன்னாள் என்று எழுதியிருக்கிறார்கள். நல்லவேளையாக அந்தப் பதிவில் நடுவே ஒரு பேருந்து ஹாரன் வருகிறது, கல்லைத் தொடாதீங்க என்கிற இடத்தில்தான் வந்து தொலைந்தது, ஆனாலும் மொத்தப் பதிவுமே சந்தேகத்துக்கு உரியது என்று வாதாட அதில் இடம் இருக்கிறதாம். அதற்குத்தான் என் சாட்சி முக்கியம். செட் என்னுடையது, கட்டியவன் நான், பக்கத்தில் நின்றவன் நான், சத்தம் தெளிவாக இருந்ததா என்று அரசு வக்கீல் கேட்பார். வக்கீலம்மா என்னிடம், அண்ணே, நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, ஆனா அது ரொம்பப் பழைய செட்தானே என்று மட்டும் கேட்டார். அது போதாதா எனக்கு. பழைய செட்தான் அம்மா, என் தாத்தா காலத்துச் செட் என்று ஆரம்பித்தேன். எலி ஒயரைக் கடித்திருந்தது என்றேன், மைக்குக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது என்றேன், நாலு குழாயும் நாலு விதமாகக் கத்தின, நடுவில் இடி மழை வேறு என்றேன். வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணே, அன்னிக்கு வெயில் கொளுத்துச்சு, நானே அங்க குடை பிடிச்சுக்கிட்டு நின்னேன் என்றார். சரி, இடியை எடுத்துவிடுகிறேன், எறும்பு இருக்கட்டும் என்றேன். எப்படி இருக்கிறது பார், என் செட்டை நானே தெருவில் போட்டு மிதிக்கிறேன், கொரகொரா காதில் விழுந்தால் ஊருக்கே தண்டோரா போடுவான், போகட்டும், நீ வந்தால் போதும் என்றுதான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் வெண்கலம், வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக நான் பொய்க்குத் தயாரானதில்லை.

இதற்கிடையில் விசாரணை அதிகாரி தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். மருந்துக்கடைக்காரர், கல்லா மேல குனிஞ்சு இருந்தேன் ஐயா, ஒண்ணும் கேக்கல என்றாராம். தையற்காரர், மெஷின் சத்தத்துல ஏதும் விளங்கல என்றாராம். உங்கள் பேராசிரியர் இருக்கிறாரே, உன்னை மேடைக்கு ஏற்றிவிட்டு முதுகில் தட்டியவர், அவர் அன்று ஊரிலேயே இல்லையாம். சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லாரும் துவைக்கிற இயந்திரம் ஓடியது என்று சொன்னார்கள், உன் அம்மாவும் அதையேதான் சொன்னாள். சிலர் பயத்தில் சொன்னார்கள், சிலர் உன் மேல் இருக்கிற பாசத்தில், நம்ம பிள்ளையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சொன்னார்கள். தையற்காரர் என்னிடம் ரகசியமாக வந்து, உன் மருமகளுக்காகத்தான்யா சொன்னேன் என்று கையைப் பிடித்தார். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. தெருவே சேர்ந்து உன்னைக் காப்பாற்றுகிறது என்று கடையில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் என்ன சொன்னாய் என்று உன் அம்மா என்னிடம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, சாப்பிட்டாளாம், சளி இல்லையாம், ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போடுகிறாளாம் என்று மூன்று விஷயம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் நீ அன்று மெதுவாகப் பேசவில்லை. உனக்குக் கோபம் வந்தால் குரல் எந்த இடத்தில் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா, கொசுச் சத்தம் சொல்லாக மாறிவிட்டது. கேக்கலைன்னு சொல்லி என்னை வெளியே கொண்டு வராதீங்கம்மா என்றாய். நான் பேசுனது அத்தனை பேருக்கும் கேட்டுச்சு, இப்ப ஒருத்தர் பாக்கியில்லாம கேக்கலைன்னு சொல்லிட்டாங்க, மாமாவும் சொல்லிட்டா நான் யார்கிட்டதான் பேசினேன் என்றாய். மாமா செட்ல ஒரு கோளாறும் இல்லேன்னு மாமாவைச் சொல்லச் சொல்லுங்க என்றாய். அப்போது நான் இருமவில்லை, கவனித்தாயா. இருமத் தோன்றவில்லை.

அதன்பிறகு இந்த வீட்டில் நடந்ததை எழுதலாமா என்று பார்த்தேன். உன் அம்மா இப்போது கயிறு தேட உள்ளே போயிருக்கிறாள், அதனால் எழுதுகிறேன். அவள் சொன்னது எனக்குக் கேட்டது அக்கா என்றேன். அவள் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள். கேட்டுச்சுன்னா மறந்துடு என்றாள். அவள் சின்னப் பொண்ணு, உள்ளே போனா ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, படிப்பு போயிடும், வயசு போயிடும், உனக்கென்ன, நீ கூண்டுல ஏறி நெஞ்ச நிமிர்த்திட்டு வந்துடுவே என்றாள். வாயைத் திறந்தா பொய்தானேடா நீ, காலையில எழுந்ததுலேர்ந்து பொய், யாருக்கும் உபயோகமில்லாத பொய், அதுல ஒண்ணே ஒண்ணை என் பொண்ணுக்காகச் சொல்லக் கூடாதா என்றாள். அவள் அழுது நான் பார்த்தது உன் அப்பா போனபோது, அதற்குப் பிறகு அன்றுதான். நான் ஊருக்குச் சொல்வதெல்லாம் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வதுதான், எண்ணூறு பேரை ஐம்பதாயிரமாக்குவேன், இருந்ததைப் பெரிதாக்குவேன். இருந்ததை இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதை அவளிடம் சொன்னேன். சமாதானமாகவில்லை. மூன்று நாள் என்னோடு பேசாமல் சாப்பாடு மட்டும் போட்டாள், அதுவும் உப்பில்லாமல்.

நாலாவது நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, சலவைக்கூடத்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கடைக்கு வந்தாள். அவள் என் கடைக்கு வருவதே இல்லை, தெரியும்தானே உனக்கு. சலவைக்கூடத்தில் வேலை செய்கிற பெண் ஒருத்தி, கூட்டம் நடந்த வாரம்தான் சேர்ந்தவள், விரிப்பு மடித்துக்கொண்டே உன் பேச்சைச் சும்மா முணுமுணுத்தாளாம், ஏதோ பாட்டு மாதிரி, சாவியை வெச்சுட்டுப் போங்க சாவியை வெச்சுட்டுப் போங்க என்று. உனக்கு எப்படிடி தெரியும் என்று இவள் கேட்டாளாம். அன்னிக்கு ஜன்னல்ல நல்லாக் கேட்டுச்சே அக்கா, நீங்ககூட இயந்திரத்தை நிறுத்திட்டு நின்னீங்களே என்றாளாம் அவள். அதைச் சொல்லிவிட்டு உன் அம்மா கடை முக்காலியில் உட்கார்ந்தாள். ஆமாடா, நான்தான் இயந்திரத்தை நிறுத்துனேன், அவ பேசுறது கேக்கணும்னு நிறுத்துனேன், அப்புறம் அந்த ஆபீசர்கிட்ட இயந்திரம் ஓடுச்சுன்னு சொன்னேன் என்றாள். பிறகு, கேட்டதை நீ கேட்டேன்னு சொல்லிடு, ஆனா வெறும் அதை மட்டும் சொல்லணும், எறும்பு யானைன்னு எதையாவது சேர்த்தே, வீட்டுக்குள்ள விடமாட்டேன் என்றாள். அதோடு விட்டாளா, சாயங்காலமே என்னை இழுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போய், என்னையும் சாட்சியாப் போடுங்க, அந்த ஆபீசர்கிட்ட நான் சொன்னது பொய், கல்லைத் தொடாதீங்கன்னு அவ சொன்னப்ப அவங்க பதிவுலதான் ஹாரன் அடிச்சுது, எனக்கு ஜன்னல்ல ஒரு ஹாரனும் இல்லாமக் கேட்டுச்சு என்றாள். வேலைக்கே உலை வைக்கலாம், பொய் சொன்னதற்கு உங்கள் மேலேயே வழக்கு வரலாம் என்று வக்கீலம்மா எடுத்துச் சொன்னார். உன் அம்மா மடித்து வைத்த துணி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வக்கீலம்மா மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இந்த முறை துடைத்தது கண்ணாடியை இல்லை. இனி இது வேற வழக்கு, சொல்லவே இல்லைங்கிறதை விட்டுட்டு, சொன்னதுல என்ன தப்புன்னு கேக்கப்போறோம், தோத்தாலும் தோக்கலாம் என்றார். தோற்கலாம் என்று நீயும் தெரிந்துகொள். நான் பொதுவாகத் தோல்வியைப் பற்றி எழுதுகிறவன் இல்லை, ஆனால் உன் அம்மா கயிறோடு திரும்பி வந்து தலைக்கு மேலே நிற்கிறாள், கூட்டாமல் குறைக்காமல் எழுது என்கிறாள்.

ஆகையால் கூட்டாமல் எழுதுகிறேன். அடுத்த வாரம் வழக்கு. உன்னை நீதிமன்றத்துக்கு மட்டும் ஊருக்குள் வர விடுவார்கள், முடிந்ததும் அடுத்த வண்டியிலேயே திரும்ப வேண்டும். நீ ஒரு பக்கம் நிற்பாய், நான் எதிர்ப்பக்கம் சாட்சிக் கூண்டில் நிற்பேன், நடுவில் ஒரு மேசையும் அரசு வக்கீலும்தான் இருப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்காதே, நானும் சிரிக்க மாட்டேன், சிரித்தால் சாட்சியைக் கலைத்ததாக எழுதிக்கொள்வார்கள். மெலிந்திருந்தாலும் எனக்குத் தெரியப்படுத்தாதே, தோள்களை நிமிர்த்தி நில். சத்தம் தெளிவாக இருந்ததா என்று கேட்பார்கள், அந்தப் பெண் பேசியது கேட்டதா என்று கேட்பார்கள். கேட்டது என்று சொல்வேன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளக் கடையில் தினமும் பழகிப் பார்க்கிறேன், கஷ்டமாகத்தான் இருக்கிறது, பின்னாலேயே ஐம்பதாயிரம் பேர் வந்து வாயில் முட்டுகிறார்கள். ஆனாலும் அன்று நிறுத்திக்கொள்வேன். நீதிபதியைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்பது முறை, முகத்தை அவர் பக்கம்தான் வைத்துக்கொள்வேன். ஆனால் இத்தனை மாதத்தில் உன் முன்னால் நான் பேச அனுமதி இருக்கிற ஒரே சொல் அது, யாருக்குச் சொல்கிறேன் என்று நீ தெரிந்துகொள். அதற்குப் பிறகு அவர்கள் உன்னை எத்தனை வருஷம் எங்கே வைத்தாலும், நீ பேசியது விழவேண்டிய இடத்தில் விழுந்தது, அதை வீட்டு ஆள் இரண்டு பேர் ஊரறியச் சொல்லிவிட்டோம் என்ற கணக்கு இருக்கும். வீட்டில் சத்தமே இல்லை வெண்கலம், இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

கம்பளிப் போர்வையைப் பெட்டிக்குள் வைக்காமல் போர்த்திக்கொள். ஸ்டேஷன் கையெழுத்து ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, அவர்கள் நாற்காலி கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கி உட்கார். நீ நீண்ட ஆயுளோடும் நிமிர்ந்த தலையோடும் இருக்க வேண்டும், உன்னை ஈன்றவளும் தூக்கி வளர்த்தவனும் உச்சி முகர்ந்து கொடுக்கிற ஆசி இது, எந்த உத்தரவும் இதைத் தடுக்க முடியாது. ஒரே ஒரு ஞாபகம். அந்த நீதிமன்ற அறையை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், கூரை ரொம்ப உயரம், மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது, உன் அம்மாவுக்கு இடம் கிடைத்தால் கடைசி வரிசையில்தான் கிடைக்கும். இதைச் சொன்னது நீதானா என்று நீதிபதி உன்னைக் கேட்பார். இரண்டு நாள் முன்பிருந்தே குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொள். அங்கே மைக் கிடையாது. சத்தமாகச் சொல்.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காத்திருக்கும் மாமா,
உரிமையாளர், இடிமுழக்கம் ஒலி அமைப்பகம்